எமோவா, இல்லையா? ஆல்பம் பெட்டிக்குள் நடக்கும் சண்டை

விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால் வலது ஓரத்தில் ஒரு பெட்டி இருக்கும். அட்டைப்படம், வெளியான தேதி, எங்கே பதிவானது, எத்தனை நிமிடம், எந்தக் கம்பெனி, யார் தயாரிப்பாளர். இதற்கெல்லாம் யாரும் பெரிதாக மல்லுக்கட்டுவதில்லை. தேதி தப்பாக இருந்தால் ஒருவர் திருத்துவார், விஷயம் முடிந்தது. ஆனால் அதே பெட்டியில் 'ஜானர்', அதாவது இசை வகை, என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு மூன்று சொல்தான். அந்த வரிக்காகப் பல வருடங்களாக ஆட்கள் ராத்திரி தூக்கம் கெட்டு அடித்துக்கொள்கிறார்கள், ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்த வேலையே கதியாக இருப்பவர்களுக்கு 'ஜானர் வாரியர்' என்று பட்டமும் கொடுத்து, அவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரைப் பக்கமும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சண்டை எப்படி இருக்கும் என்று பார்க்க எந்தப் பிரபல ராக் ஆல்பத்தின் 'வரலாறு' பொத்தானையும் அழுத்தலாம். பெரும்பாலும் இந்த மாதிரிதான் போகும். பெட்டியில் 'ஆல்டர்நேட்டிவ் ராக், எமோ' என்று இருக்கிறது (எமோ என்றால் உணர்ச்சியைக் கொட்டிப் பாடும் ஒரு வகை ராக்). கணக்கு எதுவும் இல்லாத ஒருவர் வந்து 'எமோ'வை எடுத்துவிட்டு 'போஸ்ட்-ஹார்ட்கோர்' என்று போடுகிறார். ஏன் மாற்றினேன் என்று எழுத வேண்டிய இடம் காலி. பத்து நிமிடத்தில் பழைய பயனர் ஒருவர் அதை மீளமைக்கிறார், காரணம் 'சான்று இல்லை'. மறுநாள் காலை அதே மாற்றம் மறுபடி, இந்த முறை காரணத்தோடு: 'பாடகரே இது எமோ இல்லைன்னு சொல்லிட்டார், இவங்க பாட்டை ஒழுங்கா கேட்டுட்டு வா.' மீளமைப்பு. மூன்றாவது ஆள் வந்து சமாதானமாக மூன்றையும் போட்டுவிட்டுப் போகிறார். நான்காவது ஆளுக்குச் சொற்கள் சம்மதம், வரிசை சம்மதமில்லை, எமோ முதலில் வரக் கூடாது. அப்புறம் ஒருவர் வந்து நடுவில் காற்புள்ளி போடுவதா, வரிக்கு வரி பிரிப்பதா என்று ஆரம்பிப்பார். அதுவும் ஒரு காலத்தில் உரையாடல் பக்கங்களில் பெரிய வழக்காகவே ஓடியது.

24 மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் அடுத்தவர் மாற்றத்தை மீளமைத்தால் தடை விழும் என்று அங்கே ஒரு விதி உண்டு. அதனால் கைதேர்ந்தவர்கள் மூன்றோடு நிறுத்திவிட்டு மறுநாள் வருவார்கள். இதையெல்லாம் பார்த்துச் சலித்துப்போன யாரோ ஒருவர், 'உரையாடல் பக்கத்தில் பேசாமல் ஜானரை மாற்றாதீர்கள்' என்று ஒரு குறிப்பை அந்த வரிக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்திருப்பார். படிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது, 'தொகு' என்று அழுத்துகிறவருக்கு மட்டும் தெரியும். மாற்ற வந்தவர் அதையும் சேர்த்தே அழித்துவிட்டுப் போவதுண்டு.

வெளியில் இருந்து பார்த்தால் வேலையற்ற வேலைதான். விக்கிப்பீடியாக்காரர்களே தங்களுடைய அற்பமான தொகுப்புப் போர்களை எல்லாம் சேகரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பீட்டில்ஸ் பெயருக்கு முன்னால் வரும் 'தி' பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்ற தகராறு 2012ல் பத்திரிகைச் செய்தி ஆகும் அளவுக்குப் போனது. ஆனால் 'தி' தகராறில் யாருக்கும் மனது புண்படாது. ஜானர் தகராறில் புண்படும். அதற்குக் காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எமோவையே எடுத்துக்கொள்வோம். மை கெமிக்கல் ரொமான்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'தி பிளாக் பரேட்' ஆல்பம் 2006ல் வந்தது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அவர்களை எமோ என்றே எழுதின. பாடகர் ஜெரார்ட் வே 2007ல் ஒரு பேட்டியில் எமோ என்ற சொல்லையே காது கூசும் வார்த்தையில் திட்டி, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். சரி, அப்படியானால் பெட்டியில் என்ன போடுவது? பாடியவர் பேச்சா, பத்திரிகையில் எழுதியவர் பேச்சா?

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தச் சொல் பிறந்ததிலிருந்தே யாரும் அதை ஏற்றுக்கொண்டதில்லை. 1980களின் நடுவில் வாஷிங்டனில் ஹார்ட்கோர் பங்க் வாசித்துக்கொண்டிருந்த ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்பிரேஸ் மாதிரியான குழுக்களைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். எம்பிரேஸின் பாடகர் இயன் மக்கேய் மேடையிலேயே அந்தப் பெயரை வைத்தவர்களைக் கிண்டலடித்தார். இருபது வருடம் கழித்து அது பள்ளிக்கூடப் பையன்களைக் கேலி செய்யும் சொல்லாக மாறியது. முகத்தை மறைக்கும் முடி, கறுப்புச் சட்டை, கண் மை, எப்போதும் சோகம் என்று ஒரு கேலிச்சித்திரம். பிரிட்டனில் டெய்லி மெயில் பத்திரிகை எமோ என்பது இளைஞர்களைக் கெடுக்கும் கூட்டம் என்ற ரீதியில் எழுதப்போய், 2008 மே மாதம் லண்டனில் அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் முன்னால் மை கெமிக்கல் ரொமான்ஸ் ரசிகர்கள் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அந்த வருடங்களில் விக்கிப்பீடியாவில் 'எமோ'வை அழித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன் இசையின் நுணுக்கத்தைப் பற்றியா பேசிக்கொண்டிருந்தான்? நாளைக்கு வகுப்பில் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதைப் பற்றித்தான் அவன் பேசினான் என்று தோன்றுகிறது. அவனுக்கு அந்தப் பெட்டி, சாதிச் சான்றிதழில் எழுதப்படும் சொல் மாதிரி. கலைக்களஞ்சியம் போட்டுவிட்டால் அது அப்புறம் நிலைத்துவிடும்.

பாடியவர் பேச்சைக் கேட்டால் பிரச்சினை தீராது, அதையும் சொல்லவேண்டும். மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி ஒவ்வொரு கச்சேரியையும் 'நாங்கள் மோட்டர்ஹெட், ராக் அண்ட் ரோல் வாசிக்கிறோம்' என்றுதான் தொடங்குவார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் ஹெவி மெட்டல் ரசிகர்கள். ஏசி/டிசியும் அப்படித்தான், ராக் அண்ட் ரோல் என்ற சொல்லைத் தாண்டி வரமாட்டார்கள். கலைஞர் சொன்னதை அப்படியே போட்டால் பாதி ராக் ஆல்பங்களின் பெட்டியில் 'ராக் அண்ட் ரோல்' என்றும் மீதிப் பாதியில் 'எங்களை ஒரு பெட்டிக்குள் அடைக்க முடியாது' என்றும்தான் இருக்கும். பேட்டி கொடுக்கும் கலைஞர் யாருமே தான் ஒரு வகையைச் சேர்ந்தவன் என்று எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொண்டால் அந்த வகை வழக்கொழியும்போது அவரும் சேர்ந்து போகவேண்டுமே.

பெயர்களை வைத்ததும் பெரும்பாலும் பத்திரிகைக்காரர்கள்தான். 'க்ராட்ராக்' என்பது பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் ஜெர்மன் குழுக்களுக்கு வைத்த பெயர், க்ராட் என்பதே ஜெர்மானியர்களைத் திட்டும் சொல். ஃபவுஸ்ட் குழு அந்தப் பெயரை நக்கலடித்து 1973ல் ஒரு பாட்டுக்கு அதையே தலைப்பாக வைத்தது. 'ஷூகேஸ்' என்றால் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். கிட்டார் ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெடல்களை மிதித்துக்கொண்டு தலை குனிந்தே வாசித்தார்கள் என்பதால் வந்த கேலிப்பெயர். 'போஸ்ட்-ராக்' என்ற சொல்லை இன்றைய பொருளில் பரப்பியவர் சைமன் ரெனால்ட்ஸ் என்ற விமர்சகர், 1994ல். கேலியாகவோ வசதிக்காகவோ யாரோ ஒரு வாரக்கெடுவுக்குள் எழுதிப்போட்ட சொல், இருபது வருடம் கழித்துக் கலைக்களஞ்சியத்தில் உயிரியல் வகைப்பாடு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

விக்கிப்பீடியா இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: உன் காது சொல்வது எங்களுக்கு வேண்டாம், நம்பகமான ஒரு இடத்தில் அச்சாகியிருப்பதைக் காட்டு. கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் இது சண்டையை நிறுத்துவதில்லை, இடம் மாற்றிவிடுகிறது. பாட்டைப் பற்றி இருந்த வழக்கு இப்போது ஒரு வாக்கியத்தைப் பற்றிய வழக்கு ஆகிறது.

எப்படி என்றால், ஒரு விமர்சகர் எழுதுகிறார்: 'இந்த ஆல்பம் பங்க் வேகத்தோடும் ஜாஸ் சாயலோடும் நகர்கிறது.' இதை வைத்துப் பெட்டியில் பங்க் என்று போடலாமா? ஒரு தரப்பு போடலாம் என்கிறது, சான்று கேட்டீர்கள், இதோ இருக்கிறது. எதிர்த்தரப்பு சொல்லும், அவர் 'பங்க் வேகம்' என்றார், 'பங்க் ஆல்பம்' என்றா சொன்னார்? வேகம் வேறு, வகை வேறு. சாயல் என்றால் அது ஜாஸ் இல்லை என்றுதானே பொருள்? அப்புறம் ஒருவர் வந்து, அந்த வாக்கியம் மூன்றாவது பாட்டைப் பற்றியது, மொத்த ஆல்பத்தைப் பற்றியது இல்லை என்பார். இன்னொருவர், ஒரு பாட்டு பங்க் என்று ஒருவரும் இன்னொரு பாட்டு பங்க் என்று வேறொருவரும் எழுதியிருக்கிறார்கள், ஆகவே ஆல்பம் பங்க் என்பார். அது கூடாது, இரண்டு சான்றுகளைக் கூட்டி யாரும் சொல்லாத மூன்றாவது முடிவுக்கு வருவது சொந்த ஆய்வு, விதிப்படி தப்பு. நம் ஊரில் உரைகாரர்கள் வேற்றுமை உருபை வைத்துச் செய்யும் வாதத்துக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை. ஐந்நூறு வார்த்தை விமர்சனத்தை அவசரமாக எழுதிக் கொடுத்தவருக்குத் தன் உரிச்சொற்களை இவ்வளவு பேர் உரித்துப் பார்ப்பார்கள் என்று தெரிந்திருக்காது.

எண்ணிக்கைப் பிரச்சினை தனி. பத்து விமர்சகர்கள் 'ஆல்டர்நேட்டிவ் ராக்' என்கிறார்கள், ஒருவர் மட்டும் 'ஆர்ட் ராக்' என்கிறார். அந்த ஒருவர் மற்ற பத்துப் பேரைவிட நன்றாகக் கேட்டவராக இருக்கலாம். ஆனால் அதை யார் தீர்மானிப்பது? நிறையப் பேர் சொன்ன சொல் பெரும்பாலும் பொத்தாம்பொதுவான சொல்லாகத்தான் இருக்கும், அதைப் போட்டால் பெட்டி உண்மையாகவும் இருக்கும், பிரயோஜனமில்லாமலும் இருக்கும். கலைஞர்களுக்கான பெட்டிக்கு விக்கிப்பீடியாவே பொதுப்பெயரைத்தான் சிபாரிசு செய்கிறது, ஈஸ்ட் கோஸ்ட் ஹிப்-ஹாப் என்று போவதைவிட ஹிப்-ஹாப் என்று நிறுத்துங்கள் என்கிறது. ரசிகனுக்கோ அந்த ஈஸ்ட் கோஸ்ட்தான் முக்கியம்.

சான்றுகளிலும் எல்லாம் சான்று ஆகாது. ஆல்மியூசிக் தளத்தில் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு விமர்சனமும் ஓரத்தில் ஒரு ஜானர் பட்டியலும் இருக்கும். விமர்சனத்தை எழுதியவர் ஒருவர், ஓரப் பட்டியல் வேறு வழியில் தனியாக வந்து சேருவது, விமர்சனம் ஒன்று சொல்லும், பட்டியல் வேறொன்று சொல்லும். பல வருடம் அந்த ஓரப் பட்டியலைக் காட்டித்தான் பாதி வழக்குகள் ஜெயித்தன. பிறகு விமர்சனத்தின் உரைநடை செல்லும், ஓரப் பட்டியல் செல்லாது என்று முடிவெடுத்தார்கள். ரேட் யுவர் மியூசிக் மாதிரி ரசிகர்களே ஓட்டுப் போடும் தளங்கள் சான்றாகச் செல்லவே செல்லாது.

இதற்கு நடுவில் காலம் வேறு குழப்புகிறது. 'தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ' 1967ல் வந்தது. இன்றைக்கு எல்லோரும் அதற்கு 'புரோட்டோ-பங்க்' என்ற பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். 1967ல் பங்க் ராக் என்று ஒன்று இல்லை, இல்லாத ஒன்றுக்கு முன்னோடி என்று எந்த விமர்சகரும் அன்றைக்கு எழுதியிருக்க முடியாது. பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது, ஹெவி மெட்டலின் பிறந்தநாள் என்று அதைக் கொண்டாடுகிறார்கள், ஆனால் வாசித்தவர்கள் மனதில் இருந்தது ப்ளூஸும் ஹெவி ராக்கும். அன்றைய சொல்லைப் போடுவதா, பிள்ளைகள் வளர்ந்த பிறகு தகப்பனுக்கு வந்த பெயரைப் போடுவதா? கலைக்களஞ்சியம் இரண்டாவதைத்தான் செய்கிறது, வேறு வழியும் இல்லை. ஆனால் அப்போது அந்த வரி ஆல்பத்தைப் பற்றிய தகவலாக மட்டும் இருப்பதில்லை, அதற்குப் பின்னால் வந்த ஐம்பது வருடத்தைப் பற்றிய தீர்ப்பும் அதில் ஏறிக்கொள்கிறது.

சினிமாப் பாட்டின் ராகத்தைப் பற்றி நம்மவர்கள் போடும் சண்டையும் இதே மாதிரிதானே என்று கேட்கலாம். கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. 'அது சுத்த தன்யாசியா, ஆபேரியா' என்று தகராறு வந்தால், ஆர்மோனியத்தில் உட்கார்ந்து ரிஷபமும் தைவதமும் எங்காவது வருகிறதா என்று தேடிப் பார்க்கலாம். சாயல், கலப்பு, அந்நிய ஸ்வரம் என்று இழுப்பவர்கள் அங்கேயும் உண்டு, இருந்தாலும் கடைசியில் விரல் வைத்துக் காட்ட ஒரு ஸ்வரம் இருக்கிறது. எமோவுக்கு அப்படி ஆரோகணம் அவரோகணம் கிடையாது. கிட்டார் எப்படி ஒலிக்கிறது, பாடியவன் எந்த ஊர், எந்தக் கம்பெனி வெளியிட்டது, யார் வாங்கினார்கள், என்ன சட்டை போட்டிருந்தார்கள் எல்லாம் சேர்ந்ததுதான் ஜானர். இத்தாலிய இசை ஆய்வாளர் ஃபிராங்கோ ஃபாப்ரி 1980களின் தொடக்கத்திலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்: ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட விதிகளால்தான் வகை உருவாகிறது, ஒலி சம்பந்தப்பட்ட விதி அதில் ஒரு பகுதி மட்டும்.

எந்தச் சமூகம் என்பதில்தான் சூடு இருக்கிறது. அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகை 1949 வரை கறுப்பினத்தவர் இசைக்கான விற்பனைப் பட்டியலுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்திருந்தது. அந்த வருடம் ஜெரி வெக்ஸ்லர், அப்போது அங்கே நிருபர், 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்ற சொல்லைக் கொடுத்தார். சொல் மாறியது, அலமாரி மாறவில்லை. எழுபது வருடம் கழித்து, 2019 மார்ச்சில், லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் 'ஓல்ட் டவுன் ரோட்' கன்ட்ரி பட்டியலில் (கன்ட்ரி என்றால் வெள்ளையர் இசை என்று பெயர் வாங்கிய அமெரிக்க கிராமிய இசை) 19ஆம் இடத்தில் நுழைந்தபோது, இதில் கன்ட்ரி அம்சம் போதாது என்று பில்போர்டு எடுத்துவிட்டது. குதிரை, தொப்பி, பேஞ்சோ எல்லாம் பாட்டில் இருக்கிறது. பெரிய ரகளை ஆனது. பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. 2024ல் பியான்சே 'கவ்பாய் கார்ட்டர்' வெளியாவதற்குப் பத்து நாள் முன்னால், இது கன்ட்ரி ஆல்பம் இல்லை, பியான்சே ஆல்பம் என்று எழுதினார். அடுத்த வருடம் கிராமியில் அதற்குச் சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருது கொடுத்தார்கள். இப்போது அந்தப் பக்கத்தைத் தொகுப்பவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கலைஞர் இல்லை என்கிறார், கிராமி கொடுக்கும் அகாடமி ஆம் என்கிறது, கன்ட்ரி ரசிகர்களில் ஒரு கூட்டம் கூடவே கூடாது என்கிறது, அவர்கள் கூடாது என்பதாலேயே கண்டிப்பாகப் போடவேண்டும் என்று இன்னொரு கூட்டம்.

பெரிய அமைப்புகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கின்றன என்று நினைக்க வேண்டாம். கிராமி 1989ல் முதன்முதலாக ஹார்ட் ராக் மற்றும் மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு விருது வைத்தது, எல்லோரும் மெட்டல் குழுவான மெட்டாலிகாவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், புல்லாங்குழல் வாசிக்கும் தலைவரைக் கொண்ட ஜெத்ரோ டல் ஜெயித்தது. தங்களுக்குக் கிடைக்காது என்று நம்பி அவர்கள் விழாவுக்கே வரவில்லை. அரங்கில் கூச்சல். அவர்களுடைய கம்பெனி பிறகு ஒரு விளம்பரம் கொடுத்தது, புல்லாங்குழலும் கனமான உலோக வாத்தியம்தானே என்று. அடுத்த வருடமே கிராமி ஹார்ட் ராக்கையும் மெட்டலையும் தனித்தனி விருதுகளாகப் பிரித்துவிட்டது.

மெட்டல் ரசிகர்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். என்சைக்ளோபீடியா மெட்டாலம் என்று அவர்களே 2002ல் இருந்து கூட்டாக நடத்தும் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அங்கே முதல் கேள்வி எந்த வகை என்பது இல்லை, உள்ளே விடலாமா என்பதுதான். ராப்பையும் மெட்டலையும் கலக்கும் நூ மெட்டல் குழுக்களுக்கு வாசலிலேயே தடை. கோடிக்கணக்கில் விற்ற 'ஹைப்ரிட் தியரி'யை வெளியிட்ட லிங்கின் பார்க்குக்கு அங்கே பக்கம் கிடையாது. லிங்கின் பார்க்கும் நூ மெட்டல் என்ற பெயரிலிருந்து எப்போதும் விலகியே நின்ற குழு என்பதுதான் கூத்து. இரண்டு பக்கமும் வேண்டாம் என்ற சொல், விக்கிப்பீடியாப் பெட்டியில் மட்டும் அசையாமல் இருக்கிறது.

ஆனால் மெட்டாலம் ஒரு காரியத்தை விக்கிப்பீடியாவைவிட அழகாகச் செய்கிறது, காலத்தைப் பிரித்துப் போடுகிறது. மெட்டாலிகாவுக்கு, ஆரம்பத்தில் த்ராஷ் (அதிவேக மெட்டல்), நடுவில் ஹார்ட் ராக், பிற்பாடு ஹெவி மெட்டலும் த்ராஷும். ஒரு வரிதான், அதில் ஒரு குழுவின் நாற்பது வருடக் கதையும், 1990களில் அவர்கள் செய்ததை மன்னிக்க மாட்டோம் என்ற ரசிகர்களின் கோபமும் இருக்கிறது. ரேட் யுவர் மியூசிக் வேறு வழியில் போகிறது. அங்கே ஆல்பத்தின் வகை ஓட்டெடுப்பில் முடிவாகும், முதன்மை வகை, துணை வகை என்று இரண்டு அடுக்கு, வகைகளே ஒரு பெரிய மரமாகக் கிளை பிரியும். சான்று கேட்கும் தொல்லை இல்லை. அதற்குப் பதில், எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும் ரசனைக்காரர்கள் நினைப்பதே உண்மை. விக்கிப்பீடியாவின் சான்றா, இந்த ஓட்டா, இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் ஓட்டுப்பக்கம்தான் சாய்வேன், குறைந்தபட்சம் 'இது எங்கள் கருத்து' என்று ஒத்துக்கொள்கிறார்களே.

பெட்டியிலிருந்து அந்த வரியையே தூக்கிவிடலாம் என்ற யோசனை விக்கிப்பீடியாவில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. கட்டுரைக்குள் 'இசை பாணி' என்று ஒரு பகுதி எழுதி, இன்னார் இப்படிச் சொன்னார், குழு மறுத்தது, பத்து வருடம் கழித்துப் பார்வை இப்படி மாறியது என்று விரித்தால் எல்லோர் பேச்சுக்கும் அங்கே இடம் உண்டு. மேலே சொன்ன எமோ கதையை இரண்டு பத்தியில் ஒழுங்காக எழுதிவிடலாம், நல்ல பக்கங்களில் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் கீழே உருட்டி அதைப் படிப்பவர் எத்தனை பேர்? பெட்டியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆட்கள் மட்டுமில்லை, இயந்திரங்களும். விக்கிடேட்டா என்று 2012ல் ஒரு துணைத்திட்டம் வந்தது, அதில் ஜானருக்கு பி136 என்று ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். விக்கிப்பீடியாவிலிருந்தும் விக்கிடேட்டாவிலிருந்தும் யார் வேண்டுமானாலும் தகவலை அள்ளிக்கொண்டு போகலாம், தேடல் தளங்களும் மற்ற செயலிகளும் அள்ளிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த இரண்டு பத்தி விளக்கம் அப்படி அள்ளும்போது வராது. 'எமோ' என்ற ஒரே சொல் வரும்.

போன சொல் திரும்பியும் வரும். பெட்டியில் யாரோ சான்றில்லாமல் போட்ட சொல்லை அவசரத்தில் இருக்கும் பத்திரிகையாளர் பார்க்கிறார், தன் கட்டுரையில் எழுதுகிறார். அடுத்த வாரம் விக்கிப்பீடியாவில் அந்தக் கட்டுரையே சான்றாக வந்து உட்காரும். எக்ஸ்கேசிடி என்ற கேலிச்சித்திரத் தொடர் 2011ல் இந்தச் சுழலுக்கு 'சைட்டோஜெனிசிஸ்' என்று பெயர் வைத்தது. தேதியோ ஊர்ப்பெயரோ இப்படிச் சுற்றி வந்தால் என்றைக்காவது பிடித்துவிடலாம், எங்கேயோ ஒரு அசல் ஆவணம் இருக்கும். ஜானர் விஷயத்தில் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் நாலு பேர் எழுதி நாற்பது பேர் நம்பிவிட்டால் அந்த ஆல்பம் நிஜமாகவே அந்த வகை ஆகிவிடுகிறது.

இதில் நம்ம ஊர் ஆல்பங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் கொஞ்சம் சப்பென்று இருக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் தமிழ்த் திரைப்படப் பாடல் தொகுப்புகளின் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பலவற்றில் ஜானர் என்ற இடத்தில் 'ஃபீச்சர் ஃபிலிம் சவுண்ட்டிராக்' என்று இருக்கும். முதலில் அது இசை வகையே இல்லை, எங்கே பயன்பட்டது என்ற தகவல். அதற்கென்று அதே பெட்டியின் மேல்பக்கம் வேறு இடம் இருக்கிறது, அங்கேயும் 'சவுண்ட்டிராக்' என்று போட்டிருப்பார்கள். ஆக ஒரே செய்தி இரண்டு தடவை, இசையைப் பற்றி ஒன்றும் இல்லை.

'திருடா திருடா' ஞாபகம் இருக்கிறதா, 1993? 'ராசாத்தி என் உசிரு' பாட்டில் வாத்தியம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, சாகுல் ஹமீது குரலும் பின்னால் கோரஸ் குரல்களும்தான். அதே கேசட்டில் 'கொஞ்சம் நிலவு', அது முழுக்க மின்னணு இசை, டிஸ்கோத்தேயில் போடலாம். 'வீரபாண்டிக் கோட்டையிலே' இன்னொரு உலகம். இதற்குப் பெட்டியில் என்ன போடுவது? மேற்கத்திய ஆல்பத்தை வைத்துச் செய்த பெட்டி அது, ஒரு குழு, ஒரு மனநிலை, ஒரு ஒலி என்ற கணக்கு. ஒரு கதையில் ஆறு சூழலுக்கு ஆறு விதமாகப் போட்டுக் கொடுப்பதே தொழிலாக இருக்கும் இசையமைப்பாளருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இளையராஜா 1986ல் வெளியிட்ட, சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத, தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பணம் செய்த ஆல்பத்தின் பெயரே 'ஹவ் டு நேம் இட்?'.

டிஸ்காக்ஸ் தளம் இன்னும் ஒரு படி மேலே. பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் கூடிக் கட்டிய பட்டியல் அது. அங்கே மேல்மட்ட வகைகள் மொத்தமே 15தான், அதில் ஒன்று நாட்டுப்புறம், உலகம், கன்ட்ரி மூன்றும் சேர்ந்த ஒரே டப்பா. கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லும் நம்ம நையாண்டி மேளமும் பக்கத்துப் பக்கத்தில். தமிழ்ப் பட இசைத்தட்டுகளில் சிலவற்றுக்கு, வகைக்கு அடுத்து வரும் பாணி என்ற இடத்தில் 'பாலிவுட்' என்று போட்டிருக்கிறது, இளையராஜா தட்டுகளுக்கும்தான்.

எமோ என்ற ஒரு சொல்லுக்கு லண்டனில் தெருவுக்கு வந்தார்கள். இளையராஜா பாலிவுட் என்று எழுதியிருப்பதை யாரும் இன்னும் அழித்து அழித்து விளையாட ஆரம்பிக்கவில்லை. நம்மவர்கள் சண்டைக்குச் சளைத்தவர்களா என்ன, இந்தப் பெட்டி இன்னும் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.